வளவில் அடம்பன் கொடி: ஐந்து ஆண்டுகளுக்குப் பின்

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழி யாழ்ப்பாணத்தில் எல்லோர் வாயிலும் உண்டு. ஆயினும் கடற்கரை மணலில் படரும் அக்கொடியை வீட்டு வளவில் வளர்ப்பவர் எவரையும் நான் கண்டதில்லை. புல்லுக்குப் பதிலாக அதை நடலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

2019இல் மணற்காட்டுக் கடற்கரையிலிருந்து, கணுக்களில் வேர் விட்டிருந்த இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து கிணற்றடிச் செம்மண்ணில் பதித்தேன். (விதையும் போடலாம், ஆனால் கடலில் மிதந்து செல்லும் அந்த வன்தோல் விதையைக் கல்லில் தேய்த்து ஊறவிடாவிட்டால் எளிதில் முளைக்காது.) இரண்டே வாரத்தில் தளிர் வந்தது. சங்கப் புலவர் மானின் அடிக்கு ஒப்பிட்ட பிளந்த இலைகள் கிணற்றடியையே மூடின. மூன்று ஆண்டுகளில் ஒரு பூக்கூட இல்லை. மாட்டெருப் போட்டு, மாலைதோறும் தண்ணீர் ஊற்றினேன். கொடியோ வேலிக்கு அப்பால் அயலவரின் வெங்காயப் பாத்திக்குள் 15 அடி ஓடி, கணுவுக்குக் கணு வேரூன்றியது. வெட்டிய துண்டும் கிடந்த இடத்திலேயே வேர் பிடிக்குமாதலால், ஒவ்வொன்றையும் குனிந்து பொறுக்க வேண்டியிருந்தது. அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசாதிருந்த அந்த மாதங்களில், இதை அடியோடு கிளப்பிவிட எண்ணி இருமுறை மண்வெட்டியுடன் நின்றேன்.

2022இல் கிணற்றுக் கட்டைத் திருத்த மணல் கொண்டுவந்து பறித்தோம். வேலை முடிந்து மிஞ்சிய குவியல் கொடியின் ஒரு பகுதியை மூடியவாறே கிடந்தது. மணல் மூட மூட அதனுள் வேர் விட்டு மேலெழுவது இதன் இயல்பு. கடற்கரை மணலை இது பிடித்து நிறுத்துவதும் அவ்வாறுதான். எருவும் நீரும் இல்லாமல், நாள் முழுதும் வெயில் காயும் அந்தக் குவியலில் அது ஏறிப் படர்ந்தது. சில மாதங்களின் பின் ஒரு விடியலில் செவ்வூதா நிறத்தில் ஏழு பூக்கள் விரிந்திருந்தன. மத்தியானத்துக்குப் பின் அவை சுருங்கின. மறுநாள் வேறு பூக்கள். செம்மண்ணில் நிற்கும் பகுதி இன்றுவரை பூக்கவில்லை. கொடியை நான் பழித்த காலமெல்லாம் பிழை என் எருவிலும் நீரிலும் இருந்திருக்கிறது.

அப்படியிருந்தும், நட வேண்டாம் என்றே நண்பருக்குச் சொன்னேன். அவருடையது இரண்டு பரப்பே கொண்ட சிறு வளவு, மூன்று பக்கமும் தோட்டக் காணி. நிலத்தை மூட அவருக்குப் பொடுதலை போதும். என் வளவில் மிஞ்சிய மணலை மேசன்மார் இருவர் விலைக்குக் கேட்டுவிட்டார்கள். நான் கொடுக்கவில்லை.