லித்தியம் சல்பேட் மோனோஹைட்ரேட்: கோவைக் கடைச் சரக்கு எப்படி?

கோவை ஆய்வகப் பொருள் கடையில் வாங்கிய அரைக் கிலோ புட்டி இது. ஒற்றைப் படிகம் (முழுதும் ஒரே ஒழுங்கில் அமைந்த தனிப் படிகம்) வளர்க்க அருமையான சரக்கு. கரைசல் கலங்கவில்லை, வடிதாளிலும் கசடு நிற்கவில்லை.

வாங்கும்போது லேபிளில் மூலக்கூறு எடையைப் பாருங்கள். 127.96 என்றால் நீரேறிய உப்பு (மோனோஹைட்ரேட், அதாவது ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்தது), 109.94 என்றால் நீரற்றது. ஐயமிருந்தால் 1 கிராமை 150 டிகிரியில் எடை நிலைக்கும்வரை வையுங்கள், 0.86 கிராம் மிஞ்ச வேண்டும். குறைந்தால், உப்பு ஈரம் இழுத்திருக்கிறது.

சூடாகக் கரைத்துக் குளிரவைக்கும் முறை இதற்கு ஆகாது. வெப்பம் ஏறினால் இதன் கரைதிறன் சற்றே குறையும். ஆகவே அறை வெப்பத்தில் 100 மில்லி நீருக்குச் சுமார் 40 கிராம் கரைத்து, வடிகட்டி, மெல்ல ஆவியாக விடுங்கள். சித்திரை மாத ஈரோட்டு வெயிலில் ஆவியாதல் வேகமெடுத்து மேலே ஏடு படியும், அடியில் பொடிப்படிகங்கள் குவியும். சில ஊசித்துளை போட்ட தாளால் மூடினால் போதும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் ஈரக்காற்று அடிக்கும்போது இன்னும் சில துளைகள் போடலாம்.

படிகம் ஒற்றைச்சரிவு (மோனோகிளினிக்) வகை. சமச்சீர் மையம் இல்லாததால்தான் அழுத்தமின் பண்பு, அதாவது அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் பண்பு. படிகத்தில் இரு வேறு இடங்களில் உள்ள லித்தியம் அயனிகளும் நான்முகியின் (நான்கு மூலைகளில் ஆக்ஸிஜன் சூழ்ந்த வடிவம்) நடுவில் அமர்ந்திருக்கின்றன. ஒன்றின் நாலாவது மூலை நீர் மூலக்கூறு. அந்த நீர் போனால் படிகம் வெளுத்து உடையும். வளர்ந்த படிகத்தைச் சூட்டடுப்பில் (oven) உலர்த்தாதீர்கள், வடிதாளில் ஒற்றி எடுங்கள்.

மூடிதான் குறை: திறந்தபின் இறுகவில்லை. பாரஃபில்ம் (இழுத்துச் சுற்றும் மெழுகுப் படலம்) சுற்றி, சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் வையுங்கள்.