பிரான்சில் கோட்டை வீடு வாடகைக்கு: குசினிக்கு முழுப் புள்ளி, குளியலறைக்குப் பாதிதான்

முதலே சொல்லிவிடுகிறேன், போகலாம். ஆனால் பதினைந்து, இருபது பேர் சேர்ந்தால் மட்டும் போங்கள். அதில் சமைக்கத் தெரிந்தவர்கள் நாலு பேராவது இருக்க வேண்டும், வாகனம் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் வேண்டும். இதெல்லாம் இல்லாமல் ஒரு குடும்பம் தனியாகப் போய்ப் பிரான்ஸ் நாட்டுப்புறத்தில் ஒரு கோட்டைக்குள் இருந்தால் மூன்றாம் நாளே அலுத்துவிடும், காசும் வீண். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பாரிசிலும் லண்டனிலும், மற்றப் பாதி திருகோணமலையில், உவர்மலைப் பக்கம். எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க ஓர் இடம் வேண்டும் என்று தேடித்தான் தம்பி இதைப் பிடித்தான். பாரிசில் அவனுடைய வீட்டில் சோபாவைத் தாண்டாமல் குசினிக்குப் போக முடியாது, அங்கே இத்தனை சனத்தை எங்கே படுக்கவைப்பது?

இடம் தென்மேற்குப் பிரான்சில், டோர்டோன் மாவட்டத்தில், பெர்ஜெராக் நகரத்தில் இருந்து கொஞ்சத் தூரம். சொந்தக்காரக் குடும்பம் இன்னும் அதே வளவில் ஒரு பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறார்கள், அதனால் கோட்டையின் பெயரை இங்கே போடவில்லை. கோட்டை என்றதும் நமக்கு மனதில் வருவது திருகோணமலையின் பிரட்ரிக் கோட்டைதான், கடலைப் பார்த்த மதில், ஆமிக் காவல், நடுவில் மேயும் மான்கள். அந்த மாதிரிச் சண்டைக் கோட்டைகளும் டோர்டோனில் இருக்கின்றன. பெய்னாக், கஸ்தல்னோ என்று இரண்டு, ஆற்றின் இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. 1337 முதல் 1453 வரை நடந்த நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுக்காரர் பக்கம், மற்றது இங்கிலாந்துக்காரர் பக்கம். ஆனால் அவை டிக்கெட் எடுத்துப் பார்க்கிற இடங்கள். வாடகைக்கு வருகிறவை பெரும்பாலும் வசதியான குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த பெரிய வீடுகள். கோபுரம் இருக்கும், தடித்த கல்லுச் சுவர் இருக்கும், பீரங்கி இருக்காது.

இவ்வளவு பெரிய வீட்டை ஏன் வெளி ஆட்களுக்கு விடுகிறீர்கள் என்று சொந்தக்காரரைக் கேட்டேன். கையை மேலே காட்டிக் "கூரை" என்றார், வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அதுக்கு மேலே பங்குப் பிரச்சினையும் இருக்கிறது. அங்கே 1804 ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டத் தொகுப்பில் இருந்து வந்த முறைப்படி பிள்ளைகள் எல்லாருக்கும் சொத்தில் உரிமை உண்டு, மூத்தவனுக்கு மட்டும் முழுவதையும் எழுதிவிட முடியாது. ஒருவர் வீட்டை வைத்திருக்க வேண்டும் என்றால் கூடப்பிறந்தவர்களுக்குக் காசைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். அப்பாவின் காணிக்காகக் கோர்ட்டுக்கு அலையும் அண்ணன் தம்பிகளை நம் ஊரில் பார்த்துப் பழகிய எனக்கு இது ஒன்றும் புதுக் கதையாகத் தெரியவில்லை. நீங்கள் கொடுக்கிற வாடகை ஒரு குடும்பம் தன் வீட்டைக் கையில் வைத்திருப்பதற்குப் போகிற காசு. ஹோட்டல் சேவையை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். மணி அடித்தால் ஓடி வர ஆள் இல்லை.

நாங்கள் எந்த ஊர் என்று அவர் கேட்டார், திருகோணமலை என்றதும் மனிதர் நிமிர்ந்துவிட்டார். சுஃப்ரென் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி 1782 ஓகஸ்டில் ஆங்கிலேயரிடம் இருந்து நம் துறைமுகத்தைப் பிடித்தவர். செப்டெம்பர் 3 ஆம் திகதி வெளிக்கடலில் பெரிய சண்டையும் நடந்தது, பிறகு சமாதான உடன்படிக்கை செய்து ஊரை ஆங்கிலேயருக்கு முன் வைத்திருந்த ஒல்லாந்தரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பாரிசில் ஈபிள் கோபுரப் பக்கம் ஓடுகிற ஒரு பெரிய வீதிக்கு அந்தச் சுஃப்ரெனின் பெயர்தான். தம்பி அதால் எத்தனையோ தரம் போய்வந்திருக்கிறான், இந்த விஷயம் அவனுக்கே தெரியாது. அன்று பின்னேரம் சொந்தக்காரர் ஒரு போத்தல் வைனோடு வந்து மாமாவுடன் இருந்து கதைத்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது, ஆனாலும் எழும்ப மனமில்லாமல் இருந்தார்கள்.

இனிக் குசினி. இந்த விடுமுறை முழுக்க அங்கேதான் நடந்தது என்றே சொல்லலாம். மேலே பெரிய மண்டபம், ஆள் உயர நெருப்பிடம், பழைய ஆட்களின் படங்கள் எல்லாம் இருந்தும், எல்லாரும் கீழே அந்த நீள மர மேசையைச் சுற்றித்தான். பெரிய காஸ் அடுப்பு, இரண்டு அவன், இரண்டு பிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் அளவு. தட்டும் கரண்டியும் எல்லாருக்கும் போதுமாக இருந்தன, இல்லாதது பெரிய பானை. சுவரில் வரிசையாகத் தொங்கிய செப்புச் சட்டிகள் வடிவுக்கு மட்டும், தொட வேண்டாம் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். இத்தனை பேருக்குச் சோறு வைக்கப் பானை வேண்டும் என்று முன்பே யோசித்துப் பாரிசில் நம் ஆட்களின் கடைகள் இருக்கும் லா சப்பல் பக்கம் ஒன்று வாங்கிக்கொண்டு போனது பெரியம்மாவின் புண்ணியம். சிவப்பு அரிசி மா, குளிரில் உறைய வைத்த தேங்காய்ப்பூ, கறிவேப்பிலை எல்லாம் அங்கேயே கிடைக்கும். புட்டுக்குழலும் இடியப்ப உரலும் மட்டும் ஊரில் இருந்து சூட்கேசில் வந்தன, வறுத்த தூளும் அப்படித்தான்.

மீன்தான் கவலை. காலையில் கரைக்குப் போய்ப் பாரையும் அறக்குளாவும் பேரம் பேசி வாங்குகிற ஊரில் இருந்து போய், சூப்பர்மார்க்கெட்டில் ஐஸ் மேல் கிடக்கிற சால்மனைப் பார்த்தால் அழுகைதான் வரும். அது கடலில் இருந்து தள்ளிய உள்நாடு, என்ன செய்வது? ஆனால் தாரா அங்கே நம் ஊர்க் கோழி மாதிரி, சந்தையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான். சார்லா என்ற ஊரில் சனிக்கிழமைச் சந்தை பெயர் போனது, கல்லு வீதிகள் முழுக்க கடை விரித்திருப்பார்கள். ஈரல், வால்நட், சீஸ், ஸ்ட்ரோபெரி எல்லாம் வரும். தாராக் கால்களை வாங்கி வந்து, சின்னம்மா வறுத்த தூள் போட்டு, கொழுப்பை இறக்கி ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டுப் பிரட்டலாக வைத்தா. நான் சாப்பிட்ட தாராக் கறிகளில் இதுதான் முதலாவது இடம், இதில் எனக்கு வேறு அபிப்பிராயம் கேட்க வேண்டாம். அந்தக் கொழுப்பில் அடுத்த நாள் உருளைக்கிழங்கு பொரித்தோம். ஒரு விஷயம், பிரான்சில் 2015 முதல் எல்லா வீட்டிலும் புகை அலாரம் இருக்க வேண்டும் என்று சட்டம். செத்தல் மிளகாயைத் தாளித்த உடனே அது கத்தத் தொடங்கியது, அடுத்த கட்டடத்தில் இருந்து சொந்தக்காரர் பதறி ஓடி வந்தார். யன்னலைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள்.

இரவுச் சாப்பாடு வெளியே, மரத்துக்குக் கீழே. ஜூன் கடைசியில் அங்கே இரவு பத்து மணி ஆகும்போதுதான் சூரியன் மறைகிறது. ஆறரைக்கு இருட்டுகிற ஊரில் பழகிய பிள்ளைகளைப் படுக்கைக்கு அனுப்புவது பெரிய பாடு. பெரிய ஆட்களும் லேசில் போகவில்லை. ஆனால் பத்து மணிக்குப் பிறகு சத்தம் போட்டால் பக்கத்துப் பண்ணைக்காரர் முறைப்பாடு செய்யலாம், பாட்டுப் பெட்டி வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

குளியலறைக்கு வருகிறேன். இங்கேதான் புள்ளி குறைகிறது. பல கோட்டைகள் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், 1913 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து வந்த விதிகளின்படி அனுமதி இல்லாமல் அவற்றில் சுவரை இடிக்கவோ யன்னலை மாற்றவோ முடியாது. அதனால் குளியலறையைக் கிடைத்த மூலையில் செருகியிருக்கிறார்கள். ஒன்று கோபுரத்துக்குள் வட்டமாக இருந்தது, உள்ளே போனால் துவாயைத் தொங்கப்போட இடமில்லை. சுடுதண்ணீர்த் தொட்டி ஒன்றுதான், காலையில் முதல் நாலைந்து பேருக்குச் சூடு, மற்றவர்களுக்குக் கன்னியா வெந்நீரூற்றை நினைத்துக்கொண்டு பச்சைத் தண்ணீர். பிறகு முறை போட்டுப் பாதிப் பேரைப் பின்னேரத்துக்குத் தள்ளினோம். கக்கூசில் தண்ணீர்க் குழாய் கிடையாது, கடதாசி மட்டும், ஆகவே போகும் வழியிலேயே பிளாஸ்டிக் கோப்பைகள் வாங்கிவிடுங்கள். கழிவு போவதும் வளவில் இருக்கும் குழிக்குத்தான், ஊர்க் குழாய் அங்கே வரவில்லை. கடதாசி தவிர வேறு எதைப் போட்டாலும் அடைத்துக்கொள்ளும் என்று சொந்தக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எத்தனை பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் போடுகிற கணக்கை நம்பாதீர்கள். அதில் விரிக்கிற சோபாவும் சின்னப் பிள்ளைகளின் கட்டிலும் சேர்த்தி. ஓர் அறையில் நாலு கால் கட்டிலும் பட்டுத் திரையும் ஆற்றைப் பார்த்த யன்னலும், இன்னோர் அறையில் கூரை சரிந்து நிமிர்ந்து நிற்க முடியாது, இரண்டுக்கும் ஒரே பங்கு கொடுத்தால் சண்டை வருமா வராதா? அத்தான் ஒரு நல்ல வேலை செய்தார், அறைகளை மூன்று தரமாகப் பிரித்து வாடகையையும் அப்படியே பிரித்துவிட்டார். படிகள் வளைந்து ஏறுகிற கல்லுப் படிகள், நடுவில் தேய்ந்து குழிந்திருக்கின்றன, பிடிக்க ஒரு கயிறுதான். முழங்கால் வலி உள்ள அம்மாவை அதில் ஏற்ற முடியாது. கீழ்மாடியில் ஓர் அறை வேண்டும் என்று தம்பி முன்பே கேட்டு எழுதி வாங்கியிருந்தான், அது இல்லாவிட்டால் அம்மாவின் விடுமுறை மண்டபத்துச் சோபாவில்தான் கழிந்திருக்கும். ஏசி இல்லை. பகலில் மர அடைப்புகளைச் சாத்திவிட்டு இரவில் திறந்தால் அந்தச் சுவருக்குள் நல்ல குளிர்ச்சி, ஆனால் நுளம்பு வலை எங்கேயும் கிடையாது. வைஃபையும் அந்தச் சுவரைத் தாண்டாது, குசினியில் மட்டும் வேலை செய்தது. அதுவும் எல்லாரும் குசினியில் கிடந்ததற்கு ஒரு காரணம்.

நீச்சல் குளம் இருந்தது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியார் குளங்களுக்கு வேலியோ மூடியோ அலாரமோ ஏதாவது ஒரு பாதுகாப்பு இருக்க வேண்டும், இங்கே வேலி இருந்தது, பூட்டும் நல்ல பூட்டு. தண்ணீர் சரியான குளிர். நிலாவெளிக் கடலில் குளித்த பிள்ளைகள் காலை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள், லண்டன் பிள்ளைகள்தான் மீன் மாதிரிக் கிடந்தார்கள்.

வாகனம் இல்லாமல் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். பாரிசில் இருந்து போர்தோவுக்கு வேக ரயிலில் இரண்டு மணித்தியாலம் அளவில் வந்துவிடலாம், அதற்குப் பிறகு சின்ன ரயில், பிறகு ஒன்றுமில்லை. சாதாரணக் கார் லைசென்சில் ஓட்டுநரோடு சேர்த்து ஒன்பது பேர் போகும் வான் ஓட்டலாம், நாங்கள் இரண்டு எடுத்தோம். அந்த ஊரில் வலது பக்கம் ஓட்ட வேண்டும், அதுக்கு மேலே சின்ன வீதிகளில் வலதில் இருந்து வருகிறவனுக்கு வழிவிட வேண்டும் என்று ஒரு விதி. ஓட்டுவதைப் பாரிஸ் ஆட்களிடம் விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு கிராமத்துக் கடைகள் பூட்டு, திங்கட்கிழமையும் பல கடைகள் திறக்காது. சனிக்கிழமையே இரண்டு நாளுக்குச் சாமான் வாங்காவிட்டால் பாணும் இல்லாமல் இருக்க வேண்டியதுதான். பார்க்கிற இடம் என்றால் லாஸ்கோ போங்கள். 1940 இல் கண்டுபிடித்த குகை ஓவியங்கள், மூச்சுக் காற்றால் பழுதாகிறது என்று 1963 இல் உண்மையான குகையை மூடிவிட்டார்கள். இப்போது காட்டுவது அச்சு அசலாகச் செய்த நகல், ஆனாலும் மாமா வாயைத் திறந்தபடி நின்றார்.

காசு விஷயம். ஜூலை, ஓகஸ்ட் இரண்டு மாதமும் பிரான்ஸ் பள்ளி விடுமுறை, அப்போது பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை முழுக் கிழமையாகத்தான் தருவார்கள், விலையும் உச்சம். ஜூன் அல்லது செப்டெம்பர் நல்லது. வாடகையைத் தலைக்குப் பிரித்தால் பாரிஸ் ஹோட்டல் அறையைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஆனால் அதோடு முடியவில்லை. பெட்சீட்டுக்கும் துவாய்க்கும் தனிக் காசு, கடைசித் துப்புரவுக்குத் தனி, பெரியவர்களுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று உள்ளூர் வரி, பதினெட்டு வயதுக்குக் கீழே அந்த வரி இல்லை. பிணைக் காசு வேறு. போகும்போது வீட்டைச் சுற்றிப் பார்த்து எழுதுவார்கள், அதில் அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் மூடியில் எண்ணெய் என்று பிணையில் கொஞ்சம் கழித்துவிட்டார்கள். துப்புரவுக்குத் தனியாகக் காசு வாங்கிய பிறகு இது என்ன நியாயம் என்று தம்பி வாதாடிப் பார்த்தான், பலன் இல்லை. வந்த அன்றே எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இலங்கைப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். 2024 ஜூனில் இருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதியும் காட்ட வேண்டும். தங்குமிடத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தில் தம்பியின் பெயர் மட்டும் இருந்தால் மற்றவர்களுக்கு இழுபறி ஆகலாம், அதனால் எல்லாருடைய பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினோம்.

முற்பணம் கட்டுவதற்கு முன் சொந்தக்காரருக்கு ஒரு மெயில் போட்டுக் குசினியின் படம், கீழ்மாடியில் எத்தனை கட்டில், சுடுதண்ணீர்த் தொட்டி எத்தனை, பாண் கடைக்கு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். கோபுரத்தின் படத்தை மட்டும் திருப்பி அனுப்பினால் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள், டோர்டோனில் கோட்டைக்குப் பஞ்சமில்லை.