லண்டனிலிருந்து ஒருநாள் சுற்றுலா: நாற்பது நிமிடத்தில் ஒரு போர்க்கலம்

லண்டனிலிருந்து போர்ட்ஸ்மத்துக்கு ஒருநாள் சுற்றுலா நடத்தும் நிறுவனம் ஒன்று. பெயர் வேண்டாம். தலைக்கு 85 பவுண்டு. காலை ஏழரைக்கு வந்து நிற்கச் சொன்னார்கள். பஸ் எட்டேகாலுக்கு வந்தது. வழியில் பரிசுப்பொருள் கடை ஒன்றில் ஒரு மணி நேரம் இறக்கிவிட்டார்கள். எதற்கு என்று கேட்டேன், ஓய்வுக்கு என்றார் வழிகாட்டி. பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு என்ன ஓய்வு? பிறகு சவுத்சீ கடற்கரையில் டி-டே ஸ்டோரி அருங்காட்சியகத்தின் வாசலில் நிறுத்தி, "நாற்பது நிமிடம், கழிப்பறையும் சேர்த்து" என்றார்.

நான் முப்பத்தொரு ஆண்டு கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டியதே ஒரே ஒரு கலத்தைப் பார்ப்பதற்காக. கட்டடத்துக்கு வெளியே, பெரிய கூரை ஒன்றின் கீழ் நிற்கும் எல்சிடி 7074, டாங்கிகளைக் கரையில் இறக்கும் கலம். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் இறங்கிய நார்மண்டித் தரையிறக்கத்தில் டாங்கிகளைச் சுமந்த 800க்கும் மேற்பட்ட தரையிறங்கு கலங்களில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அதன் முன்னால் எங்களை நிறுத்தி வழிகாட்டி சொன்னது: "1944 ஜூன் 6 காலையில் முதல் அலையில் கரைதொட்ட கப்பல்." முப்பது பேர் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன், வரும் முன் கொஞ்சம் படித்திருக்காவிட்டால். 7074 நார்மண்டியின் கோல்ட் கடற்கரையில் ஏறியது ஜூன் 7ஆம் தேதி விடிவதற்கு முன்பு. முதல் அலை இல்லை, மறுநாள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முதல் நாள் இறங்கிய காலாட்படைக்குப் பின்னால் டாங்கிகள் வந்து சேராவிட்டால் பிடித்த மணலைக் காப்பாற்ற முடியாது. ஆனால் வழிகாட்டிக்கு முதல் ஆளாக வந்தவன் மட்டும்தான் வீரன்.

எட்டு நிமிடம் அவர் பேச்சிலும், பன்னிரண்டு நிமிடம் கழிப்பறை வரிசையிலும் போனது. மிச்சத்தில் நான் பார்த்தது கலத்தின் வலப்பக்கம் மட்டும்.

அடுத்த வாரம் மைத்துனரோடு ரயிலில் போனேன். வாட்டர்லூவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போர்ட்ஸ்மத். அருங்காட்சியகத்துக்கு எடுக்கும் டிக்கெட்டிலேயே கலத்துக்குள்ளும் ஏறலாம். யாரும் கடிகாரத்தைக் காட்டவில்லை. மூன்று மணி நேரம் இருந்தோம்.

கப்பல் என்றதும் கூர்மையான மூக்கு, அழகான வளைவு என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றம். 59 மீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. அடி தட்டை, முன்பக்கம் கீழே விழும் கதவு. கலத்தை ஓட்டும் மேடை, எஞ்சின், மாலுமிகள் தூங்கும் இடம் எல்லாம் பின்னால் ஒரு மூலையில் நெருக்கி அடைத்திருக்கும். தட்டை அடி இருந்தால்தான் மணலில் ஏறி உட்கார முடியும். அதே தட்டை அடிதான் கடலில் ஆளைப் புரட்டி எடுக்கும். தட்டை அடிக் கலம் ஒன்றில் நான் ஏழு மாதம் இருந்தேன். மூன்றாம் நாள் நான் எழுதிய ராஜினாமாக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

தளத்தில் இப்போது இரண்டு டாங்கிகள் நிற்கின்றன, ஒரு ஷெர்மன், ஒரு சர்ச்சில் குரோக்கடைல். அவற்றின் பக்கத்தில் நின்றபோதுதான் கணக்கு புரிந்தது. அன்று இதே தளத்தில் பத்து டாங்கிகள். ஏழாவது கவசப் பிரிவைச் சேர்ந்தவை, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஃபெலிக்ஸ்டோ துறையில் ஏற்றப்பட்டவை. பக்கச் சுவருக்கும் ஷெர்மனின் சங்கிலிப் பட்டைக்கும் நடுவில் நான் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்று பார்த்தேன். பத்தையும் ஏற்றிய பிறகு ஆட்கள் எங்கே படுத்திருப்பார்கள்? டாங்கிகளின் மேல், அடியில், இடுக்கில். கடல் மோசமாக இருந்ததால் தாக்குதலே ஒருநாள் தள்ளிப்போனது. தள்ளிப்போன பிறகும் கடல் ஒன்றும் குளமாகிவிடவில்லை.

மைத்துனருக்கு வேகம் தெரிய வேண்டும். சுமார் ஒன்பது நாட் என்றேன். மணிக்குப் பதினேழு கிலோமீட்டர் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டு, "அத்தான், என் சைக்கிளே இதைவிட வேகமாகப் போகும். இதில் உட்கார்ந்து டோவர் நீரிணையைத் தாண்டினார்களா?" என்றார். ஆமாம், அந்த வேகத்தில்தான், எதிரியின் பீரங்கிகள் எட்டும் தூரத்தில்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. இந்த ரகத்தில் பெரும்பாலானவை டீசலில் ஓடியவை. ஆனால் 7000 எண்களில் வந்த வரிசைக்கு ஸ்டெர்லிங் அட்மிரல் பெட்ரோல் எஞ்சின்கள் இரண்டைப் பொருத்தினார்கள். மூடிய இரும்பு அறை, கீழே கசிவுநீர் தேங்கும் பில்ஜ் பள்ளம், அதில் பெட்ரோல் ஆவி, மேலே குண்டு. ஒரு பொறி போதும். அந்த அறையில் வேலை பார்த்த பையன்களை நினைத்து அங்கேயே ஒரு நிமிடம் நின்றேன்.

கரையேறும் வித்தையை மைத்துனருக்கு விளக்கியது எனக்குச் சந்தோஷமான கால் மணி நேரம். கரைக்குச் சற்று முன்பே பின்பக்க நங்கூரத்தைப் போட்டுவிட வேண்டும். கம்பிவடம் ஓடிக்கொண்டே இருக்கும், கலம் போய் மணலில் முட்டும், கதவு விழும், டாங்கிகள் இறங்கும். பாரம் குறைந்ததும் கலம் லேசாகும். பிறகு வடம் சுற்றும் இயந்திரமான வின்ச்சைச் சுற்றி அந்த வடத்தைப் பிடித்துத் தன்னைத் தானே பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். நங்கூரம் பிடிக்காவிட்டால், அல்லது அலை கலத்தைக் குறுக்காகத் திருப்பிவிட்டால், அங்கேயே கிடக்க வேண்டியதுதான். இதையெல்லாம் செய்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்.

டைன் நதிக்கரையில் ஹெபர்னில் ஹாதர்ன் லெஸ்லி கட்டிய கலம் இது, 1944இல். இத்தகைய கலங்களுக்கு அப்போது பெயர் வைக்கவில்லை, எண் மட்டும்தான். போகும், வராமலும் போகும், அதற்கு எதற்குப் பெயர் என்ற கணக்கு. நார்மண்டிக்குப் பிறகு ஜப்பானுக்கு எதிரான போருக்கென்று இதைப் பழுதுபார்க்கும் கலமாக மாற்றினார்கள். அது போய்ச் சேருமுன் போர் முடிந்தது. பிறகு லிவர்பூலில் கப்பல் கேப்டன்களின் சங்கத்துக்குக் கிளப்பாக வந்தபோதுதான் 'லேண்ட்ஃபால்' என்று பெயர் கிடைத்தது. அதற்கும் பிறகு இரவு விடுதி. டாங்கிகள் நின்ற வயிற்றுக்குள் ஆட்டமும் பாட்டமும் மதுவும். மைத்துனர் முகம் சுளித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெருமையோடு வைத்திருந்த எத்தனையோ கலங்கள் உடைக்கும் தளத்துக்குப் போய் ஆணியாகிவிட்டன. இது குடிகாரர்கள் புண்ணியத்தில் மிஞ்சியது.

அதோடும் முடியவில்லை. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பிர்கன்ஹெட் துறையில் 2010இல் மூழ்கி, 2014இல் தூக்கப்பட்டு, 2020 ஆகஸ்டில் இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. மீட்புச் செலவு 47 லட்சம் பவுண்டு. இரும்பைத் தொட்டுப் பார்த்து வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வேலை சுத்தமாக இருக்கிறது.

அருங்காட்சியகத்துக்கு உள்ளே 83 மீட்டர் நீளத்துக்கு, நார்மண்டித் தரையிறக்கத்தின் கதையைத் தையலில் சொல்லும் ஓவர்லார்ட் எம்பிராய்டரி இருக்கிறது. 34 துணிப் பலகைகள். தையல் தெரிந்தவர்கள் அதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எனக்குக் கால் வலித்தது, வேகமாகக் கடந்துவிட்டேன்.

சுற்றுலா நிறுவனத்துக்கு ஜூன் 7 விஷயத்தை எழுதி அனுப்பினேன், பரிசுப்பொருள் கடையையும் சேர்த்து. இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. தேதி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கொடுத்திருந்தார்கள்.