மலிவு விலை எஸ்.டி.ஆர். டாங்கிள்: சில வருடம் பயன்படுத்திய பிறகு

ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள் (கணினியின் யு.எஸ்.பி.யில் செருகி, மென்பொருள் மூலம் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் சின்னக் கருவி) விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன். டிவி பார்ப்பதற்காகச் செய்த சிப் என்பதும், 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,700 வரை பிடிக்கும் என்பதும், பின்லாந்தின் ஆன்ட்டி பலோசாரி 2012இல் இதைப் பொதுவான ரேடியோவாகப் பயன்படுத்தலாம் என்று காட்டியதும் வாங்க நினைப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். தொட்டால் சுடும். வீட்டு எல்.இ.டி. பல்பு, சார்ஜர் என எல்லா இரைச்சலையும் உள்ளே இழுக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது டிரிஃப்ட், அதாவது பிடித்துவைத்த அலைவரிசை தானாக நகர்ந்துபோவது. விற்றவர் விளம்பரத்தில் டி.சி.எக்ஸ்.ஓ. இருக்கிறது என்று போட்டிருந்தார், அதாவது சூடானாலும் அலைவரிசையை நகராமல் வைத்திருக்கும் ஆஸிலேட்டர். கூட்டைத் திறந்தால் உள்ளே சாதாரண கிரிஸ்டல். கேட்டதற்குப் பதிலும் வரவில்லை, பணமும் வரவில்லை. இந்த மாதிரி கிரிஸ்டலில் பத்து லட்சத்துக்கு ஐம்பது பங்கு பிசகு என்பது சாதாரணம். வானிலை செயற்கைக்கோள்கள் ஒலிபரப்பும் 137 மெகாஹெர்ட்ஸில் அது கிட்டத்தட்ட 7 கிலோஹெர்ட்ஸ். பிசகு நிலையாக நின்றால் மென்பொருளில் ஒரு எண்ணைப் போட்டுச் சரிசெய்துவிடலாம். சூடு ஏற ஏற அதுவும் நகர்ந்துகொண்டே இருப்பதுதான் கோபம் வரவைக்கிறது. நாகப்பட்டினத்து மே மாத மொட்டை மாடியில் அது எப்போது அடங்கும் என்று சொல்லவே முடியாது.

அப்புறம், இந்தக் கோபத்திலிருந்துதான் நல்லது ஒன்று வந்தது.

நான் வாங்கியது அமெரிக்காவின் நோவா வானிலை செயற்கைக்கோள்களின் படத்துக்காக. ஆன்டெனாவுக்கு, கை ஒன்றுக்கு 53 செ.மீ. நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பிகளை வி வடிவில் விரித்துவைத்தால் போதும். கோள் தலைக்கு மேல் கடக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில், வினாடிக்கு இரண்டு வரியாகப் படம் வளரும். பாக் நீரிணையும் இலங்கையும் திரையில் இறங்கி வந்தபோது ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் எனக்குக் குறையவில்லை. ஆனால் வாட்டர்ஃபாலில் (நேரம் போகப் போக அலைவரிசை எங்கே இருக்கிறது என்று வரைந்து காட்டும் திரை) சிக்னலின் கோடு நேராக விழாது, வளைந்துகொண்டே போகும். கிரிஸ்டல் நகர்கிறதா, இல்லை கோள் வேகமாக வந்து விலகுவதால் அலைவரிசை மாறித் தெரியும் டாப்ளர் விளைவா? டாப்ளரும் இந்த அலைவரிசையில் பக்கத்துக்கு 3 கிலோஹெர்ட்ஸ் வரை வரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. பிரித்துப் பார்க்க, டாங்கிளை நன்றாகச் சூடாகவிட்டு, பக்கத்து எஃப்.எம். நிலையத்தை வைத்துக் கோள் வருவதற்கு முன்னும் பின்னும் சரிபார்த்தேன். கிரிஸ்டல் அடங்கிய பிறகும் ஒரு வளைவு மிஞ்சியது, எஸ் எழுத்தைச் சாய்த்துப் போட்ட மாதிரி. அது கோளுடையது.

இதே வளைவை 1957 அக்டோபரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையரும் ஜார்ஜ் வைஃபன்பாக்கும் பார்த்திருக்கிறார்கள். சோவியத் யூனியனின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் மேலே போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது. யாரும் அவர்களிடம் இதைச் செய்யச் சொல்லவில்லை, கேட்டுப் பார்க்கும் ஆசைதான். 20 மெகாஹெர்ட்ஸில் வந்த அந்த பீப் ஒலியைப் பதிவு செய்து, சுருதி மாறுவதை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றுப்பாதையையே கணக்கிட்டார்கள். அடுத்த வருடம் அதே ஆய்வகத்தின் ஃபிராங்க் மெக்லூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: கோள் இருக்கும் இடம் தெரிந்தால், கேட்பவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாமே? அதிலிருந்து நீர்மூழ்கிகளுக்கு வழிகாட்டும் டிரான்சிட் கோள்கள் வந்தன. நம் போனில் இருக்கும் ஜி.பி.எஸ்.சுக்கு முன்னோடி அதுதான். அயனிமண்டலம் சிக்னலைக் கெடுப்பதைச் சரிசெய்ய டிரான்சிட் 150, 400 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்பியது. ஜி.பி.எஸ்.சும் இன்றுவரை அதே வழியில்தான் போகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு பக்கம் பின்னோக்கிப் போனால் 1842. கிறிஸ்டியன் டாப்ளர் இரட்டை விண்மீன்களின் நிறத்தை விளக்கத்தான் இதை எழுதினார். நிறத்துக்கு அவர் சொன்ன விளக்கம் தவறு, ஆனால் அடிப்படை சரி. 1845இல் நெதர்லாந்தில் பைஸ் பலோ என்பவர் ஊதுகுழல் வாசிப்பவர்களை ரயிலில் ஏற்றி ஓடவிட்டு ஒலியில் சோதித்தார். அவர் பெயரைத் தேடப் போனால், பிற்பாடு அவர் வானிலைக்காரர்! வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் இடக்கைப் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு என்ற விதி அவர் பெயரில்தான் இருக்கிறது. நம் கரையில் வாடை பலமாக அடிக்கும்போது தெற்குப் பார்த்து நின்றால் இடக்கை கடலைக் காட்டும், புயல் இருந்தால் அதுவும் அங்கேதான் இருக்கும். நான் மாடியில் படம் பிடித்துக்கொண்டிருந்த மேகச் சுழலுக்கே அந்த வளைவு என்னைக் கொண்டுவந்து விட்டது.

இவ்வளவு கொடுத்த பொருளைப் புகழாமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் நண்பருக்கு என் பதில், வேண்டாம். நோவா 15, 18, 19 மூன்றையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள். ரஷ்யாவின் மீட்டியோர் வானிலைக் கோள்கள் இன்னும் படம் அனுப்புகின்றன, தெளிவாகவே இருக்கின்றன. ஆனால் அது அகலமான டிஜிட்டல் பட்டை. அதில் 3 கிலோஹெர்ட்ஸ் நகர்வு கண்ணுக்கே தெரியாது, மென்பொருள் தானே பின்தொடர்ந்துவிடும். எனக்கு வழி காட்டிய வளைவு அந்தத் திரையில் கிடைக்காது. அதோடு, டி.சி.எக்ஸ்.ஓ. என்று பொய் சொல்லி விற்பவருக்கு இன்னொருவர் பணம் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

வாங்கியே தீருவேன் என்றால், திறந்த போர்டின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். மாணவர்கள் செய்த சின்னக் கோள்கள் பல 437 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மெல்லிய கோடாகவே ஒலிபரப்புகின்றன. அங்கே டாப்ளர் பக்கத்துக்கு 10 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், கிரிஸ்டல் மோசமாக இருந்தாலும் வளைவு தெரியும். ஆன்டெனாக் கையை 17 செ.மீ. ஆக வெட்டிக்கொள்ள வேண்டும். என்னுடையதை வெட்டி வைத்திருக்கிறேன். நண்பர் ஒரு சாயங்காலம் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.