ஹெட்போனுக்குள் முடியும் தூசும் புகாமல் காப்பதற்கு எது ஏற்றது: ஸ்பாஞ்சா, நைலான் துணியா, உறையா?

ஒரு பக்கத்தில் மட்டும், அதுவும் மிருதங்கத்தின் தொப்பியோ பேஸ் கிட்டாரோ ஒலிக்கும்போது மட்டும், காகிதம் படபடப்பதைப் போன்ற கரகரப்பு ஹெட்போனில் கேட்டால், ஒலியை எழுப்பும் பாகமான டிரைவர் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், காதில் படியும் மெத்தையான இயர் பேடைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. என்னுடைய ஹெட்போனில் அது வந்தபோது நான் முதலில் ஒயரை மாற்றினேன், பிறகு ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகித்தேன். கடைசியில் பேடையும் அதன் அடியில் இருந்த ஸ்பாஞ்சு வட்டத்தையும் எடுத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தபோதுதான், ஒரு விரற்கடை நீளமுள்ள நரைமுடி டிரைவரின் அதிரும் படலமான டயஃப்ரத்தில் முனை தொட்டபடி ஊசிபோல் நின்றிருப்பது தெரிந்தது. முடி என்னுடையதுதான். அதை எடுத்ததும் கரகரப்பும் போயிற்று. அதன் பிறகு இதைத் தடுப்பதற்கு உள்ள வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததில் தெரியவந்ததை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு இயங்கும் வழக்கமான டைனமிக் டிரைவரில் ஒலியை எழுப்புவது சில பத்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனே உள்ள ஒரு பிளாஸ்டிக் படலம். மனிதத் தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். அதாவது படலத்தைவிட அதன்மேல் விழும் முடி பருமனானது. தாழ்ந்த சுருதிகளில்தான் படலம் அதிகத் தூரம் முன்னும் பின்னும் அசைகிறது என்பதால், அப்போது மட்டும் அது முடியில் போய் மோதுகிறது. உச்ச சுருதிகளில் அசைவு மிகச் சிறிது, ஆகவே புல்லாங்குழல் கேட்கும்போது எந்தக் குறையும் தெரிவதில்லை. தூசின் கதை வேறு. படலத்தின்மேல் படியும் லேசான வீட்டுத் தூசு உடனே காதில் கேட்காது; ஆனால் இரும்புத் துகள் கலந்திருந்தால், டிரைவரின் காந்தம் அதை இழுத்து, கம்பிச்சுருள் அசையும் குறுகிய இடைவெளிக்குள் சேர்த்துவிடக்கூடும், அங்கே சேர்ந்ததை எடுப்பது எளிதல்ல. முடியைத் தடுப்பது ஒரு வேலை, தூசைத் தடுப்பது இன்னொரு வேலை என்று பிரித்துக்கொண்டால்தான் கீழே வரும் ஒப்பீடு பொருள்படும்.

முதலில் ஸ்பாஞ்சு. 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600, 2003இல் வந்த எச்டி 650 ஆகியவற்றிலும், பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 990 போன்றவற்றிலும் பேடுக்கு அடியில் டிரைவரை மறைத்தபடி மெல்லிய ஸ்பாஞ்சு வட்டம் ஒன்று இருக்கிறது. அது தூசுக்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. அதன் வழியே காற்று போய்வரும்போது ஏற்படும் சிறு தடையும் சேர்ந்துதான் அந்த ஹெட்போனின் ஒலி அமைகிறது. தூசை நிறுத்துவதில் ஸ்பாஞ்சு கெட்டி. முடியை நிறுத்துவதில்தான் ஏமாற்றுகிறது, ஏனெனில் காற்று புகும் ஸ்பாஞ்சில் துளைகள் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கும், நுனி கூரான முடிக்கு அது ஒரு குகைவழி. மேலும், முடியின் மேற்பரப்பில் ஓடு வேய்ந்தாற்போல் செதில்கள் உள்ளன. நீண்ட முடி ஒன்றை நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக விரலால் உருவிப் பார்த்தால் அந்தச் சொரசொரப்பு கையிலேயே தெரியும். இதனால், ஸ்பாஞ்சுக்குள் வேர்முனை முன்னே போக நுழைந்த முடி, தலை அசையும்போதும் பேடு அழுந்தும்போதும் முன்னோக்கியே நகர்கிறதே தவிர, பின்வாங்குவதில்லை.

ஸ்பாஞ்சுக்கு இன்னொரு குறையும் உண்டு, நம் கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு ஈரக்காற்றில் நாளடைவில் சிதைந்து, முதலில் பிசுபிசுத்து, பிறகு ரஸ்க் தூள்போல் உதிரும். அப்போது தூசைத் தடுக்க வைத்த பொருளே தூசாகி டிரைவர்மேல் விழுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஓரத்தை மெல்லக் கிள்ளிப் பார்த்து, கிள்ளிய இடம் உடனே எழும்பாவிட்டாலோ விரலில் தூள் ஒட்டினாலோ மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது மெத்தைக் கடைத் துண்டை வெட்டி வைப்பது சிக்கனம்போல் தோன்றும், ஆனால் தடிமனும் அடர்த்தியும் மாறினால் உச்ச சுருதிகள் மங்கிவிடும். நிறுவனம் உதிரிப்பாகமாக விற்கும் வட்டத்தையே வாங்கிப் போடுவது மேல்.

அடுத்தது நைலான் துணி, என் கட்சி இதுதான். பெண்கள் அணியும் மெல்லிய நைலான் ஸ்டாக்கிங்ஸிலிருந்து ஒரு துண்டு வெட்டி, லேசாக இழுத்து, பேடின் உதட்டுக்கு அடியில் செருகிவிட்டால், முடி அதன் மேல்பரப்பிலேயே படுத்துவிடுகிறது. உள்ளே இறங்க வழி இல்லை. கொசுவலை இதற்கு உதவாது, அதன் கண் முடியைப்போல் பல மடங்கு அகலம். மல்மல் போன்ற பருத்தித் துணியும் வேண்டாம், அதிலிருந்தே பஞ்சிழை உதிரும். எந்தத் துணியானாலும் வாயருகே பிடித்து ஊதி, மறுபக்கம் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்: துணி இல்லாமல் ஊதும்போது படும் காற்றுக்கும் துணி வழியே படும் காற்றுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. நான் செய்த தவறு, டிரைவர் வாய்க்குச் சரியான அளவில் வட்டமாக வெட்டியது. முடி ஓரத்து இடுக்கின் வழியே போய்விட்டது. இப்போது பேடின் வெளி விளிம்புவரை வருமாறு வெட்டுகிறேன். ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுத் துணியை வைக்கக் கூடாது. ஸ்பாஞ்சு கீழே, துணி காதுப்பக்கம்.

மெல்லியது என்றாலே ஒலியை மாற்றாது என்று நம்பிவிட முடியாது. 1978இல் வெளியான யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கரின் கூர்மையான உச்ச ஒலியைத் தணிக்க ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் உச்ச சுருதிகளுக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரின்மேல் டிஷ்யூ தாளை ஒட்டினார்கள், தணியவும் செய்தது. ஆகவே ஒரு பக்கத்துக்கு மட்டும் துணி வைத்து, பாட்டை மோனோவாக, அதாவது இரு பக்கமும் ஒரே ஒலி வருமாறு ஓட்டி, இரண்டு காதுக்கும் ஒலி நடுவில் நிற்கிறதா என்று கேட்டுவிட்டு மறுபக்கத்துக்கும் வைப்பது முறை. நான் கேட்டவரை ஸ்டாக்கிங்ஸ் துண்டு வைத்த பக்கத்தையும் வைக்காத பக்கத்தையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை.

பேடின்மேல் தொப்பிபோல் மாட்டும், தூக்கியெறியத்தக்க நெய்யாத் துணி உறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலர் மாற்றி மாற்றி அணியும் இடங்களில் அவை வியர்வைக்கும் சுத்தத்துக்கும் பயன்படும், முடியையும் நிறுத்தும். வீட்டில் ஒருவரே பயன்படுத்தும் ஹெட்போனுக்கு அது கன்னத்தில் உறுத்துவதும் சுருங்கி நழுவுவதும்தான் மிச்சம்.

தூசைப் பொறுத்தவரை இந்த மூன்றையும்விடப் பலன் தருவது, கேட்காத நேரத்தில் மூடி வைப்பது. மின்விசிறிக்கு நேர் கீழே ஸ்டாண்டில் தொங்கும் ஹெட்போன், குறிப்பாகப் பின்பக்கமும் திறந்த வகை, இரண்டு பக்கமும் தூசு வாங்கிக்கொள்கிறது. கெட்டியான பெட்டி இருந்தால் சரி. இல்லையென்றால் ஸ்டாண்டோடு சேர்த்துத் துவைத்த பாலியஸ்டர் துணி ஒன்றைப் போர்த்தினாலும் போதும். ஆனால் முடிக்கு இது மருந்தல்ல, முடி உதிர்வது நாம் அணிந்திருக்கும்போது. காந்தத்துக்குப் பதிலாக மின்னழுத்தத்தால் படலத்தை அசைக்கும் எலெக்ட்ரோஸ்டாட்டிக் வகையில் மட்டும் நிலைமை மாறுகிறது: ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் ஹெட்போன்களில் படலத்துக்கு 580 வோல்ட் மின்னழுத்தம் தரப்படுவதால் அது தூசை ஈர்க்கும், எனவே தயாரிக்கும்போதே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடிவிடுகிறார்கள்; அங்கே நாம் துணியோடு போராட வேண்டியதில்லை, அந்தப் படலத்தில் விரல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எல்லாவற்றையும் மீறி முடி உள்ளே போய்விட்டால் வாக்யூம் கிளீனரைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, அதன் இழுப்பில் படலம் மடங்கிவிடும். கேமரா லென்ஸுக்கு வாங்கும் ரப்பர் பம்பால் ஒரு சாண் தள்ளி நின்று மெல்ல ஊதலாம். அதற்கும் அசையாத முடியை எடுக்க இரும்பு இடுக்கியை நீட்டினால், காந்தம் அதை வெடுக்கென்று இழுக்கும், கண்ணிமைக்கும் நேரத்தில் படலம் கிழியும். பிளாஸ்டிக் இடுக்கிதான் எடுக்க வேண்டும். பிறகு 40 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓட்டிக் கரகரப்பு போய்விட்டதா என்று கேட்டுக்கொள்ளலாம். சென்ற மாதம் நான் பேடைக் கழற்றியபோது இடப்பக்கத் துணியின்மேல் நான்கு முடிகள் கிடந்தன, இரண்டு நரை. துணிக்கு அடியில் ஸ்பாஞ்சு சுத்தமாக இருந்தது.