வீடு விற்பனை இணையதளத்தின் கட்டணப் பேக்கேஜ்: சில வருடம் பணம் கட்டிப் பார்த்தவன் சொல்வது

பெருங்களத்தூரில் என்னைப் போலவே வீட்டு புரோக்கர் தொழில் பார்க்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார். "அண்ணே, நீங்க வீட்டு விளம்பரம் போடுற இணையதளத்துல வருஷப் பேக்கேஜைப் பாதி விலைக்குத் தர்றாங்களாம். எடுக்கலாமா?" போனில் பேசினால் பாதிதான் சொல்ல வரும், அதனால் எழுதிவிடுகிறேன். தளத்தின் பெயர் வேண்டாம். எத்தனை விளம்பரம் போடலாம், எது மேலே வரும் என்பதையெல்லாம் அவர்கள் ஆளே போன் போட்டுச் சொல்லியிருப்பார்.

முதலில் நல்லதைச் சொல்வதுதான் நியாயம். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஊரப்பாக்கத்தில் வீடு தேடுகிறவர் என் ஆபீஸ் போர்டைப் பார்க்கப் போவதில்லை. அவரை என்னிடம் கொண்டுவந்தது இந்தத் தளம்தான். 2023 டிசம்பரில் பக்கத்தில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு விசாரணை இன்னும் கூடியது. பத்திரம் வரைக்கும் போன லீடுகள், அதாவது தளம் வழியாக வந்த விசாரணைகள், உண்டு. கட்டிய பணத்தை கமிஷனில் எடுத்துவிட்டேன், அதில் குறை சொல்ல மாட்டேன்.

நான் எதிர்பார்க்காமல் பலன் கொடுத்தது, விவரம் எழுதுவதற்கு அவர்கள் விட்டிருக்கும் அந்தச் சின்னப் பெட்டி. ஜிம், நீச்சல் குளம், கிளப் ஹவுஸ் என்று டிக் போட வரிசையாக இடம் இருக்கிறது. மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்பதற்கு ஒரு கட்டம் கிடையாது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்த பகுதி இது. இங்கே வீடு வாங்க வருகிறவர் வாயில் முதலில் வரும் கேள்வியே அதுதான்.

அதனால் அந்தப் பெட்டியில் தமிழிலேயே எழுத ஆரம்பித்தேன். 2015இல் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது, அதற்கப்புறம் ரோட்டை உயர்த்திப் போட்டதில் வாசல் தாழ்ந்துவிட்டதா, போர் தண்ணீர் உப்பா, சூப்பர் பில்டப் (படிக்கட்டு மாதிரி பொது இடமும் சேர்த்து) 1000 சதுர அடி என்று சொல்லும் ஃபிளாட்டில் கார்ப்பெட் ஏரியா, அதாவது உள்ளே புழங்கும் இடம் எவ்வளவு, யூடிஎஸ், அதாவது மனையில் வாங்குகிறவர் பங்கு எவ்வளவு, பட்டா யார் பெயரில் இருக்கிறது. கடைசியில், மறுவிற்பனை வீடு என்றால் பத்திரச் செலவு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அப்படி 50 லட்சத்துக்கு வாங்குகிறவர் நாலரை லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பது அவருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தெரிய வேண்டும்.

அழைப்புகள் குறைந்தன. ஆனால் அழைத்தவர்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். ஓய்வு பெற்ற ஒரு தம்பதி என் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். "தெருவில் முழங்கால் அளவு, வீட்டுப் படி இரண்டு நனைந்தது, உள்ளே வரவில்லை" என்று எழுதியிருந்தேன். கணவர் நேராக எதிர்வீட்டுக்குப் போய் விசாரித்தார். எதிர்வீட்டு அம்மா காம்பவுண்டு சுவரில் கறை படிந்திருந்த இடத்தைக் கையால் தொட்டுக் காட்டினார். திரும்பி வந்தவர், "தாய்ப்பத்திரம் ஜெராக்ஸ் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். வீடு இதற்கு முன் யார் யார் கைமாறியது என்று காட்டும் பழைய பத்திரம் அது. நம் தொழிலில் அதைக் கேட்டால், வாங்க மனசு வைத்துவிட்டார் என்று அர்த்தம். வீடியோவும் இப்படித்தான். மெயின் ரோடான ஜிஎஸ்டி ரோட்டில் திரும்பும் இடத்திலிருந்து வீட்டு வாசல் வரை நிறுத்தாமல் எடுத்துப் போடுங்கள். தெரு அகலமும் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும் இடமும் அதிலேயே தெரிந்துவிடும்.

இனி என்னை எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். என் விளம்பரத்தைப் படித்து, நம்பி, ஒருவர் 'தொடர்பு கொள்ள' என்பதை அழுத்துகிறார். அவர் நம்பர் எனக்கு மட்டும் வருவதில்லை. 'இதே போன்ற வீடுகள்' என்ற பெயரில் அதே நேரத்தில் இன்னும் பல ஏஜென்டுகளுக்கும் போகிறது. நான் கூப்பிடும்போது, "சார், காலையிலிருந்து போன் வந்துகிட்டே இருக்கு, நான் ஒரு வீட்டைத்தானே கேட்டேன்?" என்று சீறுகிறார். சிலர் போனையே அணைத்து வைத்துவிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. கஸ்டமர் கேரில் கேட்டால், லீடு வந்த ஐந்து நிமிஷத்துக்குள் கூப்பிடுங்கள், இல்லை மேல் பேக்கேஜுக்கு மாறுங்கள் என்கிறார்கள். புகார் கொடுத்தும் மாறவில்லை.

தெருத்தெருவாக நடந்து விசாரித்து எழுதியது நான். அதை நம்பித்தான் அந்த மனுஷர் தன் நம்பரைக் கொடுத்தார். அந்த நம்பிக்கையை எடுத்து வேறு யாருக்கோ விற்கிறார்கள். ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு வாங்கி, அந்த எண்ணையும் போட்டு நான் விளம்பரம் செய்கிறேன். பதிவு எண்ணே இல்லாமல் லேஅவுட் மனை விளம்பரம் செய்கிறவருக்கும் என் லீடு போகிறது என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

கணக்குப் போட்டால் பேக்கேஜ் லாபம்தான். இருந்தாலும் இந்த முறை நான் புதுப்பிக்கவில்லை. பாதி விலை இல்லை, கால் விலைக்குத் தந்தாலும் வேண்டாம். அதே விவரத்தையும் அதே வீடியோவையும் வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் ஏற்றி, ஏற்கெனவே என்னிடம் வீடு வாங்கியவர்களுக்கு, தெரிந்தவர்களிடம் சொல்லச் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். மெதுவாகத்தான் வருகிறது. வருகிறவர் கோபத்தோடு போனை எடுப்பதில்லை.

தம்பி, உனக்கு ஆபீஸ் புதுசு, வெளிநாட்டு லீடு வேண்டும் என்றால் மூன்று மாதத்துக்கு மட்டும் எடுத்துப் பார். வருஷத்துக்குக் கட்டாதே. பணம் கட்டும் முன், என் விளம்பரத்தில் வரும் நம்பர் வேறு யாருக்கெல்லாம் போகும் என்று மெயிலில் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்.