‘ஸ்டாக் என்றாலே அப்படித்தான்’ என்று சொல்லியே 5,200 பவுண்டை விழுங்கிவிட்டார்கள்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். இங்கிலாந்தில் பழைய டிரையம்ஃப் ஸ்டாக் கார் வைத்திருப்பவர்களும் வாங்க யோசிப்பவர்களும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கராஜின் பெயரைப் போடவில்லை, விஷயம் கோர்ட்டுக்குப் போகலாம். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்றே நடத்துகிற இடம். வாசலில் எப்போதும் ஒரு எம்ஜிபியோ டிஆர்6-ஓ நிற்கும். பார்த்தாலே பாதி நம்பிக்கை வந்துவிடும்.

ஸ்டாக் 1970 முதல் 1977 வரை வந்த கார். 3 லிட்டர் வி8 எஞ்சின், அதாவது V வடிவில் எட்டு சிலிண்டர். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் இரும்பு, அதன் மேல் மூடியாக உட்காரும் ஹெட் அலுமினியம். அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளையும், இரண்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போகும். வாட்டர் பம்ப் இரண்டு ஹெட்டுக்கும் நடுவே உயரத்தில் இருப்பதால், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) குறைந்தால் அது வெறுமனே சுற்றும். போதாக்குறைக்கு, ஃபாக்டரியில் வார்ப்பு மணலைச் சரியாக எடுக்காமல் விட்டு, அது ரேடியேட்டரை அடைத்த கதையும் உண்டு. வெறுத்துப்போய் ரோவரின் 3.5 லிட்டர் வி8-ஐ மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். அசலா, ரோவரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் அசல் கட்சி. நீர்வழிகளைச் சுத்தம் செய்து, நல்ல ரேடியேட்டர் போட்டு, வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினை 25,000 மைலுக்கு ஒருமுறை மாற்றினால் அந்த எஞ்சின் நன்றாகவே ஓடும். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

சூடாகிறது என்று காரைக் கொண்டுபோனபோது கராஜ்காரரும் அதையே சொன்னார். ஹெட்டைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து, அதன் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்தி, நடுவில் ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகட்டை) நுழைத்துக் காட்டினார். தகடு தடையே இல்லாமல் உள்ளே போனது. “இதற்குப் போய் ரோவர் எதற்கு? சீவிச் சமப்படுத்தினால் போதும்” என்றார். இவ்வளவு பொறுமையாக விளக்குகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? இரண்டு ஹெட்டும் சமன் செய்ய, புது டைமிங் செயின், பிளாக் சுத்தம், ரேடியேட்டருக்குப் புது கோர், எல்லாம் சேர்த்து 5,200 பவுண்டு. கார்டு மெஷின் ரிப்பேர், வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள் என்றார். போட்டேன். அந்த மெஷின் என்றைக்காவது வேலை செய்ததா என்பது அவருக்கே வெளிச்சம்.

கார் திரும்பி வந்தபோது எஞ்சின் புதுப் பெயின்ட்டில் பளபளத்தது. எம்40 நெடுஞ்சாலையில் போகும்போது வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி பானட்டைத் தூக்கினால் ஒரே ஆவி.

போன் செய்தேன். உள்ளே காற்று அடைத்திருக்கும், அதை வெளியேற்றிப் பாருங்கள் என்றார்கள். அப்புறம், மெக்கானிக் லீவு. அப்புறம், சூடான பிறகும் நீங்கள் ஓட்டியிருப்பீர்கள். கடைசியில் சிரித்துக்கொண்டே, “இது ஸ்டாக் ஆயிற்றே, வேறென்ன எதிர்பார்த்தீர்கள்?” ஐம்பது வருஷமாக அந்த எஞ்சினுக்கு இருக்கிற கெட்ட பெயர்தான் இவர்களுக்கு முதலீடு. வேலையே செய்யாமல் விட்டாலும் பழி எஞ்சின் மேல் விழும்.

வேறொரு மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். ஹெட் வளைந்திருந்தது. சரி, அது மறுபடி சூடானதால் என்று அவர்கள் வாதாடலாம். ஆனால் பிளாக்கின் அடியில் கெட்டிப்பட்டுக் கிடந்த சேறு? ஸ்க்ரூடிரைவரால் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தளர்ந்து தொங்கிய பழைய செயின்? செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் அதன் கடைசி எல்லை வரை நீண்டு நின்றது. அறுந்திருந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே போயிருக்கும். ஒருமுறை சூடானதால் சேறும் சேராது, செயினும் பழசாகாது. 5,200 பவுண்டுக்கு நடந்தது பெயின்ட் வேலை மட்டும்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமையில்லை. கழற்றிய பழைய செயினையும் கேஸ்கெட்டையும் கேட்டு வாங்குங்கள். பிளாக்கைச் சுத்தம் செய்த பிறகு, மூடுவதற்கு முன் போட்டோ கேளுங்கள். முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வேலையின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை என்றால் கார்டு கம்பெனியும் பொறுப்பு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை சிறு வழக்காகவே போடலாம். நான் அதற்கான கடிதத்தை அனுப்பிவிட்டேன்.

ரோவர் எஞ்சின் மாட்டியிருந்தால் இது வந்திருக்குமா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். செயினை மாற்றாமலே அதற்குப் பணம் வாங்குகிறவன் ரோவரிலும் அதையேதான் செய்திருப்பான்.